ஏழு நாள் முகாமும் எட்டாம் நாளும்

செஞ்சிக் கோட்டை மதிலில் ஒரு கல் சரிந்து கிடந்தால், அதைப் பார்த்து மனம் பொறுக்காத ஒருவர் தூக்கி நிறுத்திவிட்டுப் போக முடியாது. தொல்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும். நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி; அதைத் தாண்டி 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. இந்தியத் தொல்லியல் துறையைக் கேட்காமல் ஒரு கரண்டி சுண்ணாம்புகூடப் பூச முடியாது. மராத்தியர்களின் ராணுவ நிலக்காட்சி என்ற பெயரில் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்து அதில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. இனிக் காவல் இன்னும் கூடும். பழுது பார்க்க வருபவருக்கு நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, கல்லைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பதுதான் இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் இருக்கும் நியாயம்.

கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் ஏறி நின்றால் சுற்றிலும் தெரிகிற ஊர்களுக்கு இப்படி ஒரு காவல் கிடையாது. அங்கே நல்லெண்ணம் இருந்தால் போதும். பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாம், குளக்கரையை வெட்டலாம், சாலையோரம் மரக்கன்று நடலாம், குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் படம் பிடிக்கலாம். சேவை செய்ய வந்தவர்கள் என்று தெரிந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று ஊரே நினைத்துக்கொள்கிறது. பிறர் ஊருக்குப் போய்ச் சில நாள் தங்கிச் செய்யும் தொண்டை எந்த அளவுகோலால் அளப்பது? போகிறவர் மனத்தாலா, ஊரில் மிஞ்சுவதாலா?

உலகம் முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. அமேசான் காட்டோரக் கிராமத்தில் பத்து நாள் தங்கிச் சுவர் எழுப்பிவிட்டுத் திரும்பும் தேவாலயக் குழுவையும், ஆப்பிரிக்கப் பள்ளியில் கோடை விடுமுறையைக் கழிக்கும் ஐரோப்பிய மாணவரையும் வைத்து இதை நிறையப் பேசியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய வடிவம் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும். ஒரு சிறப்பு முகாமிலாவது தங்க வேண்டும். பெரும்பாலும் கல்லூரி ஒரு கிராமத்தைத் தத்தெடுத்துக்கொண்டு அங்கேயே முகாம் நடத்தும்.

முகாம் நாள் எப்படிப் போகும் என்பது அதில் இருந்தவர்களுக்கு மனப்பாடம். விடியும்போதே விசில். பள்ளி வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு விரித்த பாயைச் சுருட்டிவைத்துவிட்டு உடற்பயிற்சி. கழிப்பறைக்கு வரிசை, பள்ளிக் கழிப்பறை போதாமல் மாணவிகள் அக்கம்பக்கத்து வீடுகளைக் கேட்டுப் போவார்கள், அந்த வீட்டுப் பெண்களும் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்துவிடுவார்கள். உப்புமாவோ பொங்கலோ முடிந்ததும் களப்பணி. மண்வெட்டியும் பாண்டும் கைமாறும். பாதிப் பேருக்கு அன்றே உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிடும். பிற்பகலில் விழிப்புணர்வு உரை. மாலையில் கலைநிகழ்ச்சி. ஏழாம் நாள் நிறைவு விழா, பொன்னாடை, குழுப் படம். எட்டாம் நாள் காலையில் பள்ளிக்கூடம் மறுபடி பள்ளிக்கூடமாகிவிடும்.

இதில் குற்றம் காண்பது எளிது. எளிதாகக் காணக்கூடிய குற்றங்களில் சில உண்மையானவை. முகாம்கள் பெரும்பாலும் தை, மாசி மாதங்களில் வருகின்றன. கல்லூரி நாட்காட்டிக்கு அதுதான் வசதி. செஞ்சி வட்டாரத்துக்கு மழை தருவதோ ஐப்பசி, கார்த்திகை. மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் நட்ட கன்றுக்குச் சித்திரைவரை யாராவது குடம் சுமந்து ஊற்ற வேண்டும். அந்த யாராவது முகாமில் இருக்கமாட்டார். ஆடு கடிக்காமல் தப்பிய கன்றை அக்கினி நட்சத்திரம் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு அதே குழியில் வேறொரு சிறப்பு விருந்தினர் வேறொரு கன்றை நடுவார். பிற்பகல் உரைக்கு வரும் கூட்டத்தைப் பாருங்கள்: கிழவர்களும் குழந்தைகளும். மற்றவர்கள் மல்லாட்டைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்காகப் பேசுவதாக அறிவித்தார்களோ, அவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் பேச்சே நடக்கிறது.

கூலியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஏரி வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது, குளக்கரை கட்டுவது ஆகியவை ஊர்ப் பெண்கள் நூறுநாள் வேலையில் செய்கிற வேலைகள். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அதற்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். ஐம்பது மாணவர்கள் நான்கு நாள் இலவசமாக மண் சுமந்தால், கணக்குப்படி இருநூறு ஆள்நாள் வேலை. மாணவர் வேகமும் பழகிய கையின் வேகமும் ஒன்றல்ல என்று பாதியைக் கழித்தாலும், ஊரில் யாருக்கோ போயிருக்க வேண்டிய கூலி அதில் கொஞ்சம் கரைந்திருக்கக்கூடும். தானமாகக் கொடுப்பது மற்றொருவர் பிழைப்பில் கைவைக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டியது கொடுப்பவர் கடமை.

தெரு பெருக்குவதும் அப்படித்தான். ஊராட்சித் தூய்மைக் காவலர் தினமும் பெருக்கும் தெருவை ஏழு நாள் மாணவர்கள் பெருக்குகிறார்கள். கையுறை, முகக்கவசம், பெயர் பொறித்த தொப்பி, பத்திரிகைப் படம். அதே தெருவை ஆண்டு முழுக்கப் பெருக்குகிறவருக்குக் கையுறை உண்டா என்று யாரும் கேட்கவில்லை என்றால், சேவை என்ற பெயரில் நடந்தது ஒருவர் வேலையை ஒப்பனையோடு நடித்துக் காட்டியதுதான். அடுத்து, பெருக்கிய தெரு எது? ஊர்த் தெருவா, காலனித் தெருவா? முகாம் தங்கியது எங்கே, சோறு ஆக்கியவர் யார், கோயில் குளத்தைச் சுத்தம் செய்தவர்கள் காலனிக் குடிநீர்த் தொட்டிவரை நடந்தார்களா? ஊரின் பழைய கோடுகளைத் தாண்டாத சேவை அந்தக் கோடுகளுக்குக் கொஞ்சம் வண்ணமும் பூசிவிட்டு வருகிறது.

இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1968 ஏப்ரலில் சிகாகோவில் பேசியதை இந்த விவாதத்தில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். மெக்சிகோக் கிராமங்களில் கோடைச் சேவைக்குப் போகவிருந்த அமெரிக்க மாணவர்களிடம், உதவி செய்யும் எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார். பார்க்கப் போகலாம், கற்கப் போகலாம். மொழிகூடத் தெரியாத ஊரில் நன்மை செய்வதாக நம்பிக்கொண்டு போவதுதான் தீங்கு என்பது அவர் வாதம்.

ஆனால் இல்லிச்சின் கோபத்தை அப்படியே செஞ்சிக்கு இறக்குமதி செய்தால் பொருந்தாது. இங்கே முகாமுக்கு வரும் மாணவர் பெரும்பாலும் இன்னொரு கிராமத்துப் பிள்ளை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர். அவர் அம்மாவும் எங்கோ களையெடுத்துக்கொண்டோ, நூறுநாள் வேலையில் மண் சுமந்துகொண்டோ இருக்கலாம். முகாம் ஊரின் வறுமை அவருக்குப் புதிதில்லை. அவருக்குப் புதிதாக இருக்கக்கூடியவை வேறு: வேறு சாதித் தெருவின் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பது, பாக்கம் மலைக் காட்டோரத்து இருளர் குடியிருப்பில் ஒரு பிற்பகலைக் கழிப்பது, ஆணும் பெண்ணுமாக ஒரே பாண்டில் மண் தூக்குவது. இந்த அனுபவங்களைப் பாடப்புத்தகம் தராது. பெறுகிறவர் இங்கே மாணவர்தான். அதைச் சேவை என்ற தலைப்பில் எழுதிவைப்பதால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

தமிழ் மரபுக்கு இந்தக் கணக்கு நேராகவே தெரிந்திருந்தது. பண்ருட்டிக்கு அருகே திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பும் உழவாரப்பணிக் குழுக்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் பாழடைந்த கோயில்களில் முள் வெட்டுகின்றன. உழவாரம் பிடித்தவர் கோயிலுக்கு உபகாரம் செய்துவிட்டதாக நினைப்பதில்லை. செய்யக் கிடைத்ததே தன் பேறு என்று நினைக்கிறார். கடன்பட்டவர் செய்பவர்தான். வள்ளுவரும் ஈகை அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதலை வைத்தார்: இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பதற்கு முந்தி, உலகத்தோடு சேர்ந்து வாழ்கிறவருக்கு உள்ள கடமையைப் பேசினார். முகாமுக்குப் போகும் மாணவரும் இந்த மரபில் நின்றால், ஊர் அவருக்கு நன்றி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவர்தான் ஊருக்குக் கடன்பட்டவர். அடுத்த கேள்வி, அந்தக் கடனை அடைப்பது எப்படி என்பது.

செஞ்சியிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் திண்டிவனம். அமெரிக்க ஆற்காடு மிஷனின் மருத்துவக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள 1890இல் அங்கே வந்தார். வந்தது தற்காலிகமாக, திரும்பிப் போய்விடும் எண்ணத்தோடு. பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க வரும்படி ஓரிரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து அவரை அழைத்தார்கள். அவரோ மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான தந்தையை அனுப்பலாம் என்றபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி, 1899இல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். 1902இல் மருத்துவமனை, 1909இல் செவிலியர் பயிற்சி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று வளர்ந்ததுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.).

இந்தக் கதையை உருக்கமாகச் சொல்பவர்கள் அதன் கணக்கைப் பார்ப்பதில்லை. 1890இல் திண்டிவனத்துக்கு வந்த அந்த இளம்பெண்ணால் அந்த மூன்று பேருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பரவலாகச் சொல்லப்படும் கதையில் அவர்கள் பெயர்கூட இல்லை. அன்றைய வருகையில் பெற்றவர் ஐடா ஒருவரே. தன்னால் எது முடியாது என்ற அறிவைப் பெற்றார். அதைக் கடனாக எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க மருத்துவம் படித்தார். இந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்கியபோது, வெளியூர் உதவியை எதிர்பார்க்கும் தேவையையே குறைத்தார். மதமாற்ற நோக்கம் கொண்ட ஒரு மிஷனின் பகுதியாக அவர் வந்தார் என்பதும், அதைப் பற்றிய விமர்சனங்கள் உண்டு என்பதும் உண்மை. அதற்காக இந்தக் கணக்கு மாறிவிடாது.

ஐடாவின் கதையை வைத்து, ஊரிலேயே தங்கிவிடுபவர்கள்தான் நல்லவர்கள் என்று முடிவுகட்டவும் கூடாது. அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தும் கண் முகாம் ஒரே நாள்தான். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு, 2003 முதல் புதுச்சேரியிலும் மருத்துவமனை இருக்கிறது. முகாமில் கண்ணைப் பார்ப்பார்கள். புரை அறுவை தேவைப்படுபவரைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அறுவை முடித்து ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு நாள் முகாமுக்குப் பின்னால் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் ஒரு கட்டடம் நிற்கிறது. ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் சாதனா ஃபாரஸ்டும் அப்படித்தான். பல நாட்டு இளைஞர்கள் அங்கே கீற்றுக் குடிசைகளில் தங்கி, விடியற்காலையில் மண்வரப்பு போட்டு மழைநீரைத் தேக்கி, இந்தக் கடலோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டை மீட்கும் வேலையில் சேர்கிறார்கள். வருபவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும், எந்தக் கன்று எந்த மழையில் நட்டது என்ற நினைவோடு அங்கேயே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஒரு மாதம் தங்கிப் போனவர் உழைப்பும் வீணாவதில்லை.

குறுகிய வருகையே முழு அறமாகும் தருணமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சிக்குத் தென்கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. வீட்டுக்குள் சேறு நிற்கும்போது பால் பாக்கெட்டும் பாயும் கொண்டுவருகிறவரிடம், எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்பது அபத்தம். தேவையின் ஆயுள் சில நாள். உதவியின் ஆயுளும் சில நாள். இரண்டும் பொருந்துகின்றன. ஏழு நாள் முகாமின் சிக்கல் நாளின் எண்ணிக்கையில் இல்லை. முப்பது ஆண்டு வயதுள்ள தேவையிடம் ஏழு நாள் வயதுள்ள உதவி, தான் போதும் என்று சொல்லிக்கொள்வதில்தான் இருக்கிறது.

திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியாகப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை இதோடு வைத்துப் பார்க்கலாம். விழுப்புரம் மாவட்ட இருளர் குடும்பத்துக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால், பிள்ளைக்கு உதவித்தொகையும் இடஒதுக்கீடும் இல்லை. அதைத் தர வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். மனு, விசாரணை, மறுபடி மனு, மறுபடி நடை. இதில் படம் பிடிக்க ஒன்றுமில்லை. பொன்னாடை போர்த்த மேடையும் இல்லை. ஊருக்கு வேண்டியது பல நேரம் மண்வெட்டி பிடிக்கும் கையில்லை. தாலுகா ஆபீசில் பயப்படாமல் நிற்கும் ஒரு ஆள். கல்லூரி மாணவருக்கு மண் வெட்டத் தெரியாமல் இருக்கலாம். மனு எழுதத் தெரியும், இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியும், நிராகரிப்புக் கடிதத்தைப் படித்துக் காரணம் சொல்லத் தெரியும். தன்னிடம் இருப்பதைத் தராமல், ஊரிடம் ஏற்கெனவே நிறைய இருக்கும் உடலுழைப்பைக் கொண்டுபோய்த் தருவது விசித்திரமான தானம்.

அப்படியானால் ஊருக்குத் தேவை எது என்று முடிவுசெய்வது யார்? கோட்டைக்குத் தொல்லியல் துறை இருப்பதுபோல ஊருக்குக் கிராம சபை இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அதற்கு அடித்தளம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. முகாம் நடத்தவிரும்பும் கல்லூரி அக்டோபர் 2 கூட்டத்திலேயே வந்து கேட்கலாம்: எங்களிடம் இத்தனை பேர், இன்னின்ன தெரியும், உங்களுக்கு எது வேண்டும்? கன்று நட வேண்டும் என்று சபை சொன்னால், மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நடலாம். ஆண்டுக்கு 120 மணி நேரமும் அந்த ஏழு நாளில் வந்து விழ வேண்டியதில்லையே. கூலி வேலையைத் தொட வேண்டாம் என்று சொன்னால், தொடக்கூடாது. ஒன்றும் வேண்டாம், சும்மா வந்து பழகிவிட்டுப் போங்கள் என்று சொன்னாலும் அது முழுமையான பதில்தான். முகாம் முடிந்தபின் மார்ச் 22 கூட்டத்தில் வந்து நின்று, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஊருக்குக் கணக்குச் சொல்லலாம். இன்று அந்த அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. ஊர் அதைப் பார்ப்பதே இல்லை.

கிராம சபையும்கூட, சாதியும் செல்வாக்கும் நுழையாத இடம் அல்ல என்பது நியாயமான மறுப்பு. உரக்கப் பேசுகிறவர் தெருவுக்கே முகாமும் போய்ச் சேரலாம். அதனால் காலனியிலும் இருளர் குடியிருப்பிலும் தனியாகப் போய்க் கேட்பது நடத்துபவர் பொறுப்பு. இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் ஒரு வேலையும் நடக்காது, இளைஞர்களின் உற்சாகம் வடிந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கேட்டுச் செய்யும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஏழாம் நாள் மேடையில் காட்ட ஒன்றும் இல்லாமலும் போகலாம். ஆனால் கேள்விக்குத் தாங்காத உற்சாகம் எட்டாம் நாளைத் தாண்டி எப்படியும் வரப்போவதில்லை.

குறுகிய காலச் சேவை அறமா என்ற கேள்விக்கு இப்படி ஒரு விடை தரலாம். மறுக்கும் உரிமை ஊரிடம் இருந்து, பெறுகிறவர் தாம்தான் என்று போகிறவர் ஒப்புக்கொண்டு, அவர் கிளம்பியபின் வேலையைத் தொடர ஒரு ஆளோ அமைப்போ இருந்தால், ஒரு நாள் சேவையும் அறம்தான். இந்த மூன்றும் இல்லாமல் ஓராண்டு தங்கினாலும் அது விருந்தினர் நடத்திய விழா. அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும் திட்ட அலுவலர், விளம்பரப் பதாகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பு, போன முறை போன ஊருக்கு மாணவர்களை ஒரு பேருந்தில் ஏற்றி ஒரு பிற்பகல் அழைத்துப் போகட்டும். நட்ட கன்றுகளில் எத்தனை நிற்கின்றன, கொடுத்த மனுக்களில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். புது முகாமின் முதல் நாள் வேலை அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.